தையல் மிஷினில் ஓடிய ஸ்கூட்டர்

போன மாதம் கவிதா போன் செய்தாள். என் கடைசி இரண்டு வருட வேலையில் எனக்குக் கீழே ஒலிப் பிரிவில் இருந்த பெண். இப்போது வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். "சார், சத்தமே இல்லாம ஓடுற எலக்ட்ரிக் வண்டிக்கெல்லாம் சத்தம் வைக்கணும்னு இப்ப எல்லாரும் பேசிட்டிருக்காங்க. எங்க டீமே அதுலதான் இருக்கு. நீங்க அப்பவே பண்ணிட்டீங்க, கேம்ப் ரோடு ப்ராஜெக்ட்ல. நீங்கதான் சார் எங்களுக்கெல்லாம் முன்னோடி" என்றாள். அந்தச் சத்தத்தை எப்படி உருவாக்கினேன் என்று நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் படிப்பார்களாம்.

வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். ஆனாலும் முன்னோடி என்ற சொல்லைக் கேட்டதும், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். இதுதான் அந்தக் கட்டுரை. அவள் எதிர்பார்த்தது இதுவாக இருக்காது.

என் தொழில் வரலாறு பெரிய விஷயமில்லை. வடபழனிப் பக்கம் ஒரு டப்பிங் தியேட்டரில் கேபிள் சுற்றுகிற வேலையில் சேர்ந்தேன். அப்புறம் படங்களுக்குச் சில்லறைச் சத்தம் போடுகிற ஆளானேன். கதாநாயகி கொலுசு போட்டு நடந்தால் அந்தக் கொலுசு என் காலில் இருக்கும். வில்லன் வாங்கிய குத்து, நான் முட்டைக்கோஸுக்கு விட்ட குத்து. இப்படிப் பொய்ச் சத்தம் போட்டே மகனைப் படிக்கவைத்து, சிட்லபாக்கத்தில் ஒரு வீட்டையும் கட்டிக்கொண்டேன். அதன் பிறகு கணினி விளையாட்டு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சில வருடங்கள். முப்பரிமாண ஒலி அங்கேதான் கைக்கு வந்தது.

அதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காதில் இருப்பது வெறும் ஹெட்போன்தான். ஆனால் நாய் உங்கள் முதுகுக்குப் பின்னால் குரைக்கும். நீங்கள் தலையைத் திருப்பினால் நாய் கூடவே திரும்பாது, இருந்த இடத்திலேயே இருந்து இப்போது இடது காதுக்கு நேராகக் குரைக்கும். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஹெட்போனில் ஒட்டிய சின்னக் கருவி சொல்லிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு காதுக்கும் போகிற சத்தத்தைக் கணினி அதற்கேற்ப மாற்றிக்கொண்டே இருக்கும். நன்றாகச் செய்தால், கண்ணை மூடிக்கொண்டவருக்கு அறை மறந்துபோய்விடும்.

அந்தக் கம்பெனியில் எனக்கு ஒரு பாடமும் சொல்லிக் கொடுத்தார்கள். விளையாடுகிறவரை எது அடிப்பதாக இருந்தாலும் அதற்கு முன்னால் ஒரு சத்தம் கொடுத்தாக வேண்டும். சத்தமில்லாமல் அடித்தால் அவர் விளையாட்டைத் திட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். விளையாட்டுக்கு இது சரிதான். நான் இதை வேதமாக எடுத்துக்கொண்டேன்.

ஐம்பத்தைந்து வயதில் பத்மினி மேடத்திடம் சேர்ந்தேன். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அலுவலகம். மொத்தம் ஏழு பேர். பயிற்சிக்கான மெய்நிகர் சூழல்களைச் செய்து கொடுப்போம். மேடம் முதலாளி; என்னைவிட வயதில் சின்னவர். என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எதிரில் இருப்பவன் நேர்மையானவன் என்று எடுத்துக்கொண்டுதான் பேச்சையே ஆரம்பிப்பார். அதனாலேயே அவரிடம் பொய் சொல்வது ரொம்பச் சுலபம்.

அவர் வேலையைச் சரிபார்க்கும் விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. துப்பட்டாவை நாலாக மடித்துக் கண்ணில் கட்டிக்கொள்வார். சுழல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, "ம்" என்பார். நான் ஓடவிடுவேன். ஒவ்வொரு சத்தத்தையும் விரலால் சுட்டிக்கொண்டே போவார். "பஸ். இங்க, இருபதடி. நிக்குது. இது ஷேர் ஆட்டோ, லெஃப்ட்ல இருந்து வருது. இது என்ன சார், தண்ணி கேன் வண்டியா? ரோட்ல ஓடலையே, மொட்டை மாடியில இல்ல ஓடுது?" போய்ப் பார்த்தால் அந்த வண்டியின் உயரத்தை நான் தப்பாகக் கொடுத்திருப்பேன். ஒரு நாளும் அவர் விரல் தவறான இடத்தைக் காட்டியதில்லை.

அவருடைய மேசையில் பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு இருக்கும். நாங்கள் சேர்க்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அதில் ஒரு வரி. எந்தச் சத்தம், எங்கே பதிவு செய்தது, எவ்வளவு தூரத்திலிருந்து, கடைசியாக 'இடத்தில் நின்று சரிபார்த்தவர்'. அந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். ஒலியைச் சேர்த்து முடித்த பிறகு, நிஜ இடத்துக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். திரும்பி வந்து நாம் செய்ததைக் கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் கையெழுத்து. "ஸ்டுடியோவுல எல்லாமே நல்லாத்தான் சார் கேக்கும். ரோட்ல நின்னுட்டு வந்து போடுங்க" என்பார். நோட்டின் முக்கால்வாசிப் பக்கங்களில் என் கையெழுத்துதான். ஒன்றைத் தவிர எல்லாம் உண்மையான கையெழுத்து.

கேம்ப் ரோடு வேலையை எங்களிடம் கொடுத்தது ஒரு மறுவாழ்வு மையம். நடுவயதில் பார்வை போனவர்களுக்கான இடம். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள் சின்ன வயதிலிருந்தே காதால் தெருவைப் படித்துவிடுகிறார்கள். நாற்பது வயதில் பார்வை போனவருக்கு அது வராது, வாசலைத் தாண்டவே பயப்படுவார். அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாலை கடக்கப் பழகட்டும், பிறகு பயிற்சியாளர் கையைப் பிடித்து நிஜச் சாலைக்குக் கூட்டிப்போவார், கடைசியில் தனியாகப் போவார்கள் என்பது திட்டம். சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பைச் சத்தத்தாலேயே கட்ட வேண்டும். படமே கிடையாது. வாழ்நாள் முழுக்கப் படத்துக்குப் பின்னால் எடுபிடியாக ஓடிய எனக்கு, சத்தமே முதலாளியாக இருக்கிற முதல் வேலை அது. அந்த மூன்று மாதம் நான் பறந்துகொண்டிருந்தேன்.

பதிவுக்கு ஒரு பொம்மைத் தலை வைத்திருந்தோம். ரப்பர் காது, காதுத் துளைக்குள் மைக். அதை ஒரு கம்பத்தில் செருகி, ஆள் உயரத்துக்குச் சாலை ஓரத்தில் நிறுத்த வேண்டும். டீக்கடைக்காரர் முதல் நாளே கேட்டார்: "இன்னா சார், தலைய கைல புட்சிகினு சுத்தறீங்க?" பஸ், லாரி, ஷேர் ஆட்டோ, எதிர்த்திசையில் கூசாமல் வருகிற பைக், எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிவு செய்தேன். பஸ் வந்து நின்றால் அதற்குப் பின்னால் இருக்கிற சத்தமெல்லாம் அமுங்கிவிடும், பஸ் நகர்ந்ததும் கதவைத் திறந்தாற்போல அந்தப் பக்கம் முழுக்கக் கேட்கும். காம்பவுண்டுச் சுவர் இருக்கிற பக்கம் சத்தம் கொஞ்சம் தடித்துத் திரும்பி வரும். இதையெல்லாம் அப்படி அப்படியே கொண்டுவந்தேன். மேடம் விரலை நீட்டிக்கொண்டே போனார், எங்கேயும் நிறுத்தவில்லை. முடிந்ததும் துப்பட்டாவை அவிழ்த்துவிட்டு, "சார், எனக்கு டீ வாசனையே வந்துடுச்சு" என்றார்.

பிறகுதான் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வந்தது. சாலையில் அது அதிகமாகிக்கொண்டிருக்கிறது, சேர்த்துவிடுங்கள் என்று மையத்தில் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருடைய ஸ்கூட்டரை வாங்கி, சிட்லபாக்கம் ஏரிக்கரைச் சாலையில் காலை வேளையில் பதிவு செய்தேன். கேட்டுப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. டயர் தரையில் உரசுகிற மெல்லிய 'ஸ்ஸ்' மட்டும் இருந்தது. அதுவும் ஆளை நெருங்கிய பிறகுதான் கேட்டது. கேம்ப் ரோட்டின் இரைச்சலுக்குள் அதைப் போட்டேன், இருக்கிற இடம் தெரியவில்லை.

மையத்திலிருந்து நான்கு பேர் சோதித்துப் பார்க்க வந்தார்கள். கையில் இருக்கிற பொத்தானை அழுத்தினால் சாலையில் இறங்கியதாகக் கணக்கு; தப்பான நேரத்தில் இறங்கினால் இடுப்பில் கட்டிய பெல்ட் அதிரும். நான்கு பேருக்கும் ஸ்கூட்டர் இடித்து அதிர்ந்தது. அதில் ஒரு அம்மா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். "ஒண்ணுமே கேக்கலையேங்க. கேக்காததை நான் எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" என்று அழுதார். இனிமேல் வர மாட்டேன் என்றார்.

அந்த அழுகை என்னைச் சங்கடப்படுத்தியது உண்மை. எனக்குச் சாதகமாக நான் சொல்லிக்கொள்ளக்கூடியது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் என் வீம்பு. அவர்கள் என் வேலையில் குறை இருக்கிறது என்று நினைக்கிறார்களே என்பதுதான் என்னை அரித்தது. சத்தமில்லாமல் அடிக்கக் கூடாது என்ற பழைய பாடம் வேறு. எங்கள் தொழிலில் ஒரு பொருளுக்குச் சத்தம் இல்லை என்றால் அந்தப் பொருளே இல்லை என்று அர்த்தம். இருக்கிறது என்றால் அது ஏதாவது ஒரு சத்தம் போட்டே ஆக வேண்டும். வாழ்நாள் பழக்கம். நிஜத் தெருவில் சத்தம் போடாத பொருளும் இருக்கிறது, அது நம்மை நோக்கி வரவும் செய்கிறது என்பது என் புத்திக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

என் மனைவியின் தையல் மிஷினில் மோட்டார் பொருத்தியிருக்கிறோம். அதைப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் விசில் கலந்தேன். அழகான ஒரு 'ங்ஙீ' கிடைத்தது. இருபதடி தூரத்திலேயே தெளிவாகக் கேட்கும், பஸ் சத்தத்துக்குள் அமுங்காது. வண்டி வேகம் கூட்டினால் சுருதி ஏறும். அடுத்த சோதனையில் ஒருவருக்கும் பெல்ட் அதிரவில்லை. அழுத அம்மா சிரித்தார். மைய நிர்வாகி என் கையைக் குலுக்கி, "எல்லா சவுண்டுலயும் இதுதான் சார் சூப்பர்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மேடம் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு கேட்டார். விரல் அந்த ஸ்கூட்டரைத் தொடர்ந்து போய்ப் பாதியில் நின்றது. "இது புதுசா இருக்கே சார். ரோட்ல இப்படித்தான் கேக்குதா?"

"ஆமா மேடம்."

"நின்னு பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"சரி சார்" என்று விரலை அடுத்த பஸ்ஸுக்கு நகர்த்தினார். நான் நோட்டை எடுத்து, 'கேம்ப் ரோடு, நேரில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் போகவே இல்லை. மழை, முழங்கால் வலி என்று எதையாவது காரணம் சொல்லலாம். அதுவும் பொய்தான். போய் நின்றிருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது. அது தெரிந்துதான் போகவில்லை.

பயிற்சிக்கு வந்தவர்களில் அருள்தாஸ் ஒருவர். நாற்பத்திரண்டு வயது. பஸ் கண்டக்டராக இருந்தவர். கண் அழுத்த நோயில் இரண்டு கண்ணிலும் பார்வை போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. கேம்ப் ரோட்டுக்கு உள்ளே ஒரு தெருவில்தான் வீடு. மனைவி ஜெசிந்தா பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. மனுஷர் வந்த முதல் நாளே ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தம் போட்டுச் சிரித்தார். "சார், நம்ம ரோடு அப்டியே கீது சார்! இந்த பஸ் டிரைவர் கிளட்ச்ச போட்டு சாவடிக்கிறான் பாரு" என்றார். அவர் காது அசாத்தியமான காது. பஸ்ஸில் இருந்த காலத்தில் பின்படியில் யார் ஏறுகிறார்கள் என்று திரும்பாமலே சொல்வாராம். மூன்றாவது வாரம் அவர்தான் எல்லாரிலும் கெட்டி. எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். சொல்லப்போனால், என் வேலையை முழுதாகப் புரிந்துகொண்டு ரசித்த ஒரே ஆள் அவர்தான்.

ஒரு நாள் பயிற்சி முடிந்து ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "சார், ஒரு டவுட்டு. எனக்குக் கண்ணு இருந்தப்ப இந்த கரண்ட்டு வண்டிலாம் ரோட்ல அவ்ளோ இல்ல. அது நெஜமாவே இப்டிதான் சவுண்டு வுடுமா?"

அறையில் வேறு யாரும் இல்லை. 'இல்லை அருள்தாஸ், சத்தமே வராது, ஜாக்கிரதை' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நான் சொன்னது ஒரே சொல்.

"ஆமா."

"அப்ப சரி. அத்த நான் பாத்துக்கறேன் சார்" என்றார்.

பிறகு பயிற்சியாளரோடு நிஜச் சாலையில் பல தடவை நடந்தார். அங்கே தெரிந்திருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். தெரிந்திருக்காது. சத்தமில்லாமல் கடந்துபோன வண்டி, பார்வையில்லாதவரைப் பொறுத்தவரை வரவே இல்லை. பயிற்சியாளர் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பார். எதற்காக நிறுத்தினார் என்று ஒவ்வொரு தடவையுமா சொல்லிக்கொண்டிருப்பார்?

தனியாகப் போக ஆரம்பித்த நான்காவது நாள், பட்டப்பகலில், தெருமுனையில் நின்று நன்றாகக் கேட்டுவிட்டுத்தான் அருள்தாஸ் இறங்கினார். சாப்பாடு கொண்டுபோகிற ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் இடித்தது. ஓட்டியவர் ஓடிவிடவில்லை, அவரே ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஜெசிந்தா வருகிற வரைக்கும் வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாராம். தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்தார்கள்.

நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். பழம் வாங்கிக்கொண்டு! என் காலடிச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து, "வாங்க சார்" என்றார். அவர்தான் பேசினார்.

"அந்த வண்டிக்காரர் மேல தப்பு இல்ல சார். அவரு ஸ்லோவாதான் வந்துகீறாரு. சவுண்டு வந்துருக்கும் சார், கண்டிப்பா வந்துருக்கும். எனக்குத்தான் கேக்கல." கட்டுப் போட்ட காலைத் தடவிக்கொண்டே, "கண்ணு போன மாரியே காதும் போவுது சார்" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாயிடும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஜெசிந்தா, நான் வேலை மெனக்கெட்டு வந்ததற்கு நன்றி சொன்னார்.

காதை டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அருள்தாஸ் அதை நம்பவில்லை. சோதனை அறையில் கேட்கிறது, ரோட்டில் கேட்கவில்லையே என்றாராம். கால் கூடி நடக்க ஆரம்பித்த பிறகும் வாசலைத் தாண்டவில்லை. மையத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள், போகவில்லை. இதெல்லாம் என் காதுக்கு வந்துகொண்டே இருந்தது. தினமும் காலையில் இன்றைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். மத்தியானத்துக்குள் ஒரு காரணம் கிடைத்துவிடும். அந்த ஸ்கூட்டர் சத்தத்தை மட்டும் ஓசைப்படாமல் எடுத்துவிட்டேன், பராமரிப்பு வேலை என்று சொல்லிவிட்டு. ஏற்கெனவே அதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு யார் சொல்வது என்று நான் யோசிக்கவே இல்லை. யோசித்தேன், ஒதுக்கிவிட்டேன். இப்போதும் சரியாகச் சொல்ல வரவில்லை பாருங்கள்.

அடுத்த நான்காவது மாதம் ஓய்வு பெற்றேன். சால்வை போட்டார்கள். மேடம் அந்தப் பச்சை நோட்டைத் தூக்கிக் காட்டி, "இதுல சார் கையெழுத்து இருந்தா நான் ரெண்டாவது தடவை பாக்கவே மாட்டேன்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தப் புகைப்படம் வீட்டில் இருக்கிறது, மாட்டவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கவிதா போனில் முன்னோடி என்றாள். மறுநாள் காலை பத்து மணிக்கு மேடத்தின் முன்னால் போய் நின்றேன். தையல் மிஷினில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து, என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"அந்தச் சத்தத்துல எத்தனை பேர் ட்ரெயின் ஆனாங்க?"

"பன்னெண்டு பேர் மேடம்."

அலுவலகப் போனை என் பக்கம் நகர்த்தி வைத்து, மையத்திலிருந்து எண்களை வாங்கினார். பதினொரு பேரையும் நானே கூப்பிட்டுச் சொன்னேன், அவர் எதிரிலேயே உட்கார்ந்து. சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார், அவர் திட்டி முடிக்கிற வரைக்கும் போனை வைக்கவில்லை. அன்றைக்கு அழுத அம்மா, "நான் அப்பவே சொன்னேனேங்க" என்று மட்டும் சொன்னார். பன்னிரண்டாவது எண்ணை அழுத்தப் போனபோது மேடம் போனின் மேல் கையை வைத்தார். "இவர்கிட்ட போன்ல வேண்டாம். நேர்ல போங்க." அன்றைக்கு அவர் என்னை 'சார்' என்று கூப்பிடவில்லை.

அங்கிருந்து நேராக நடந்தே போனேன். பள்ளிக்கூடம் லீவு, அதனால் ஜெசிந்தாவும் வீட்டில் இருந்தார். அருள்தாஸ் சுவர் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நன்றாக இளைத்திருந்தார். "சாரா? வாங்க வாங்க. ஜெசி, காப்பி போடு" என்றார். காப்பி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

"இன்னொரு தபா சொல்லுங்க சார்" என்றார்.

மறுபடியும் சொன்னேன். அந்த வண்டிக்குச் சத்தமே கிடையாது. நீங்கள் கேட்டது தையல் மிஷின் மோட்டார். நீங்கள் என்னைக் கேட்டபோது நான் பொய் சொன்னேன்.

"அப்போ அன்னிக்கு சவுண்டே வரல?"

"வரல."

"என் காது?"

"உங்க காதுல ஒரு குறையும் இல்ல அருள்தாஸ். என்னிக்குமே இல்ல."

அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். சமையல் கட்டிலிருந்து ஜெசிந்தா வந்து நின்றார், கையில் காப்பி இல்லை. "டெய்லி சாயந்தரம் என்னைய அந்த மூலையில நிக்க வெச்சி, தீப்பெட்டிய ஆட்டச் சொல்லுவாரு சார்" என்றார். "எவ்ளோ தூரத்துல கேக்குது, எந்தப் பக்கம் கேக்குதுன்னு டெஸ்ட் பண்ணுவாரு. கரெக்ட்டாதான் சொல்லுவாரு. நான் பொய் சொல்றேன்னு சண்டைக்கு வருவாரு. எட்டு மாசம் சார். எட்டு மாசமா பொய் சொல்றேன்னு சொல்லிகினு இருந்தாரு."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அந்த வார்த்தையை ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

அருள்தாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஜெசி, குச்சி எங்க?" அலமாரிக்கு மேலே கிடந்த மடக்குக் குச்சியை ஜெசிந்தா எடுத்துக் கொடுத்தார். நானும் எழுந்தேன். "நீங்க குந்துங்க சார்" என்றார் அருள்தாஸ், கோபமில்லாத குரலில். "நீங்க வர வேணாம்." நடக்கும்போது அவருக்குக் கால் இன்னும் லேசாகச் சாய்ந்தது. இரண்டு பேரும் வெளியே போனார்கள். அடுத்தவர் வீட்டில், மின்விசிறிக்குக் கீழே, நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். போய்விடலாமா என்று இருந்தது. போகவில்லை.

அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது அருள்தாஸின் சட்டை நனைந்திருந்தது. ஜெசிந்தா வாசலிலேயே நின்றுவிட்டார். அருள்தாஸ் நாற்காலியைத் தடவி உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, என் பக்கம் சரியாக முகத்தைத் திருப்பினார்.

"தெருமொனையில நின்னேன் சார். கரண்ட்டு வண்டி வரப்பலாம் ஜெசிய என் தோளத் தொடச் சொன்னேன். முதல்ல ஒண்ணும் புரியல. ஆறாவது வண்டிக்கு மேல புட்சிட்டேன். டயர் மண்ணுல அரையுற சவுண்டு வருது. ரொம்பக் கிட்ட வந்தப்புறம்தான். நாலு எட்டு தூரம் இருக்கும். ஆனா வருது சார். அப்பால வந்ததெல்லாம் அவ தொடறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்."

சிட்லபாக்கத்தில் நான் பதிவு செய்து, உதவாது என்று தூக்கிப்போட்ட அதே சத்தம்.

"அந்த சின்ன சவுண்டையே வெச்சிருக்கலாமே சார்" என்றார் அருள்தாஸ். "கஷ்டப்பட்டாலும் கத்துகினு இருப்பேனே. எங்களால முடியாதுன்னு ஏன் சார் நெனச்சீங்க?"